சோடியம் பொலிடங்ஸ்டேட்: மணலின் ஊர் கேட்கும் கனதிரவம், கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு ஒரு பாவனை மதிப்பீடு

ஒரு கைப்பிடி ஆற்று மணலில் பெரும்பங்கு குவாட்ஸும் பெல்ஸ்பாருமாகத்தான் இருக்கும். அவை எந்த மலையிலிருந்தும் வந்திருக்கலாம், ஊர் சொல்லமாட்டா. ஊர் சொல்லும் மணிகள் மிஞ்சிய சிறு பங்கில்தான் கிடக்கின்றன: சிர்கோன், ரூட்டைல், கார்னெட், மொனசைட், அபடைட், டூர்மலின். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்கல் ஒன்று எந்தப் பாறை உடைந்து வந்தது என்று கேட்பவருக்கு முதல் வேலை, இந்தக் கனமான மணிகளை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுப்பது. அதற்காக விற்கப்படும் கனதிரவங்களில் (இலேசான மணி மிதக்க, கனமான மணி அமிழும் அடர்த்தியான திரவங்கள்) கொழும்பில் வைத்து வேலை செய்யக்கூடியது எது என்று கேட்டால், பதில் சோடியம் பொலிடங்ஸ்டேட். விலை கூடியது, ஆனாலும் வாங்கலாம். ஆனால் இதைக் கையாளத் தெரியாமல் வாங்கினால் பணம் போவதோடு நிற்காது, பிழையான முடிவும் கைக்கு வரும். இந்த மதிப்பீட்டில் அதிக இடம் அந்தக் கையாளலுக்குத்தான்.

பொருள் வெள்ளைத் தூளாக வரும். நீரில் நன்றாகக் கரையும். அறை வெப்பநிலையில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு சுமார் 3.1 கிராம் வரை அடர்த்தி எட்டலாம். கனிய வேலைக்கு நமக்கு வேண்டியது 2.85க்கும் 2.90க்கும் இடைப்பட்டது. குவாட்ஸின் அடர்த்தி 2.65, பெல்ஸ்பார்கள் 2.56 முதல் 2.76 வரை, இரண்டும் மிதக்கும். டூர்மலின் 3.0க்கு மேல், அபடைட் 3.2, கார்னெட் 3.5 முதல் 4.3, ரூட்டைல் 4.2, சிர்கோன் 4.6க்கு மேல், இல்மனைட் 4.7, மொனசைட் 5ஐச் சுற்றி. இவையெல்லாம் அடியில் போய் உட்காரும்.

1980களின் நடுவில் இந்தப் பொருள் புழக்கத்துக்கு வருமுன் இந்த வேலையைச் செய்தது புரோமோபோம். அதன் அடர்த்தி 2.89. இலேசாக ஓடும், மணிகள் கடகடவென இறங்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். நன்றாக இழுக்கும் புகைக்கூண்டு இல்லாத அறையில் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. கொழும்பின் வெக்கையில் அது இன்னும் வேகமாக ஆவியாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைக்கூண்டு பெயருக்கு மட்டும் ஓடுகிற இடத்தில் டங்ஸ்டேட்டின் விலை மாணவரின் உடம்புக்குக் கொடுக்கும் விலைதான். அது அதிகமில்லை. இதற்கு மணமில்லை, ஆவியுமில்லை. ஆனாலும் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும், விழுங்கினால் தீங்கு. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கழிவைக் கானில் ஊற்றவும் கூடாது.

எவ்வளவு வாங்குவது? அடர்த்தி 2.85 உள்ள 1 லீற்றர் கரைசலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ தூளும் அரை லீற்றர் நீரும் போகும். 250 மில்லிலீற்றர் பிரிபுனல் (அடியில் திறந்து மூடும் குழாய் உள்ள புனல்) ஒன்றில் 150 மில்லிலீற்றர் ஊற்றி வேலை செய்வது வசதி. 1 கிலோ வாங்கினால் இரண்டு புனலுக்குத்தான் காணும். பிறகு கழுவிய நீர் வற்றித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். 2 கிலோ இருந்தால் நான்கு புனல் ஓடும்போதே, கழுவிய நீர் இன்னொரு பக்கம் வற்றிக்கொண்டிருக்கும். அதுதான் குறைந்தபட்ச அளவு. ஆயத்தக் கரைசலாகவும் விற்கிறார்கள். கொண்டுவரும் கூலி எடைக்கு என்பதால் தூளாக எடுப்பதே இலாபம்.

கரைக்கும் ஒழுங்கு முக்கியம். முகவையில் முதலில் நீர், பிறகு தூள், கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணாடிக் கோலால் கலக்கியபடி. தூளின் மேல் நீரை ஊற்றினால் அடியில் கல்லுப்போல் கட்டி இறுகிவிடும். அதைக் கரைப்பதற்குள் பொழுது போய்விடும். அடர்த்தியைப் பார்க்க நீர்மானி தேடி அலைய வேண்டாம். இந்த வீச்சுக்கு நீர்மானி கிடைப்பது அருமை, கிடைத்தாலும் பாகான திரவத்தில் அது மெதுவாகத்தான் நிலைக்கு வரும். 10 மில்லிலீற்றர் கனமானக் குடுவையைக் காயவைத்து நிறுத்து, கோடு வரை கரைசலை ஊற்றித் திரும்ப நிறுங்கள். வித்தியாசம் 28.5 கிராம் என்றால் அடர்த்தி 2.85. இரண்டு தசமம் காட்டும் தராசு போதும்.

நீர் விஷயத்தில்தான் அதிகமானோர் கெடுக்கிறார்கள். இந்தக் கரைசலின் எதிரி கல்சியம். கல்சியம் பட்டால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகும். கரைசல் கலங்கி, வடிதாளை அடைத்து, தங்ஸ்தனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அம்பத்தலையிலிருந்து கொழும்புக்கு வரும் குழாய் நீர் களனி கங்கையின் நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் மென்மையானது. அந்த மென்மையை நம்பிக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். மணலைக் கழுவும் முதற்கட்டத்துக்குக் குழாய் நீர் போதும். கடைசி இரண்டு கழுவலும், டங்ஸ்டேட்டைத் தொடும் ஒவ்வொரு துளியும் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். ஆய்வுகூட வடிகலம் பழுதாகிக் கிடக்கும் நாளில் வாகன உதிரிப்பாகக் கடைப் பற்றரித் தண்ணீரை வாங்குபவர்கள் உண்டு. வாங்கலாம், ஆனால் முதலில் ஒரு சோதனை: சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, தூசி படாமல் மூடி, காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தப் போத்தல் பற்றரிக்குத்தான் ஆகும்.

இரண்டாவது எதிரி உலோகம். கரைசல் இலேசான அமிலத்தன்மை உடையது. இரும்புக் கரண்டி, அலுமினியத் தட்டு, துருப்பிடித்த இடுக்கி, எது பட்டாலும் கரைசல் நீலமாகும். சேதனப் பொருள் நிறைந்த சேறு பட்டாலும் அப்படித்தான். நீலமானால் பயந்து ஊற்றிவிட வேண்டாம். ஐதரசன் பேரொட்சைட் சில துளி விட்டு மெல்லச் சூடாக்கினால் நிறம் வெளிறித் தெளியும். அடர்த்தி கெடுவதில்லை, கெடுவது மணியும் திரவமும் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் உங்கள் கண்தான். கண்ணாடி, பொலிதீன், பொலிபுரோப்பிலீன், நல்ல துருவேறா எஃகு: இவை மட்டும் போதும்.

இனி மணல். மணற்கல் என்றால் 1 முதல் 2 கிலோ, ஆற்று மணல் என்றால் அரைக்கிலோ எடுங்கள். கல்லை உரலில் இடிக்கலாம், அரைக்கக் கூடாது. அரைத்தால் மணிகள் உடையும். உடைந்த மணியின் விளிம்பைப் பார்த்து அது எவ்வளவு தூரம் உருண்டு வந்தது என்று சொல்ல வழியில்லாமல் போகும். சிமெந்துபோல் பிடித்திருக்கும் காபனேற்றை நீக்க 10 சதவீத அசற்றிக் அமிலம் போதும். அவசரத்துக்கு ஐதரோக்குளோரிக் அமிலம் ஊற்றினால் காபனேற்றோடு அபடைட்டும் கரையும். அப்போது அபடைட் இல்லாத மலை ஒன்றை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். கடற்கரை மணலில் இன்னொரு சங்கடம். வெள்ளவத்தையிலோ கல்கிசையிலோ அள்ளிய மணலில் சிப்பித் துண்டுகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அரகோனைட், அடர்த்தி 2.93. அவை டங்ஸ்டேட்டில் அமிழ்ந்து கனமணிகளோடு சேரும், கல்சியத்தையும் விட்டுவிட்டுப் போகும். ஆகவே சிப்பியை அமிலத்தில் முதலே கரைத்து, உப்பையும் போகக் கழுவி, பிறகுதான் புனலுக்கு.

களியை விடாதீர்கள். 63 மைக்குரோமீற்றர் அரிதட்டின் மேல் வைத்து, கீழே விழும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். களி கரைசலைக் கலக்கிவிடும், வடிதாளை மூடிவிடும். கனிய எண்ணிக்கைக்குப் பலர் எடுப்பது 63 முதல் 125 மைக்குரோமீற்றர் வரையான பங்கு. இந்த ஒடுங்கிய அளவுக்கு நியாயம் உண்டு. ஆற்று நீர் மணிகளை அளவால் மட்டும் தரம் பிரிப்பதில்லை, கனத்தையும் சேர்த்தே பிரிக்கிறது. சின்னச் சிர்கோனும் பெரிய குவாட்ஸும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒரே இடத்தில் படியும். பரந்த அளவில் எடுத்தால் ஒரு மணலில் கார்னெட் கூடுவதும் இன்னொன்றில் குறைவதும் மலையின் வேறுபாடா, நீரோட்டத்தின் வேறுபாடா என்று பிரித்தறிய முடியாது. சிர்கோன் மணிகள் உருவான வயதைப் பார்த்து மூலம் தேடுவதே நோக்கம் என்றால் மட்டும் 250 வரை அகலமாக எடுங்கள். சில மூலப் பாறைகள் பெரிய சிர்கோன் தரும், சில சிறியது தரும். ஒடுங்கிய அளவு அவற்றில் ஒன்றை விட்டுவிடும்.

அரிதட்டைப் பற்றி ஒரு சொல். பித்தளைக் கம்பி வலைக் கண்ணில் முந்தைய மாதிரியின் சிர்கோன் சிக்கியிருக்கும். புரட்டித் தட்டினாலும் விழாது. அப்படி ஒரே ஒரு மணி அடுத்த மாதிரிக்குள் போனால், வயது வரைபடத்தில் இல்லாத மலை ஒன்று முளைக்கும். துணி அச்சுக்குப் பாவிக்கும் நைலோன் வலையைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய பிளாஸ்டிக் குழாய் வளையங்களுக்கிடையில் இறுக்கி, ஒரு மாதிரிக்கு ஒரு துண்டு என்று பாவித்து எறிவது மலிவும் நம்பிக்கையும். குழாய்க்குப் பழைய சோனகத் தெருவின் இரும்புக்கடைகள் இருக்கின்றன. வலைக்காரர் சொல்லும் எண் நூல்களின் எண்ணிக்கை, கண்ணின் அகலம் அல்ல. நுணுக்குக்காட்டியின் கீழ் அளவுகோல் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

புனலில் நடப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். உலர்ந்த மணலில் 10 முதல் 15 கிராம் போட்டு, கண்ணாடிக் கோலால் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். முதல் சில நிமிடங்களில் கறுப்பு இல்மனைட் மெல்லிய நூலாக இறங்கும். அதன் பின்னால் கடும் சிவப்பாகக் கார்னெட். குவாட்ஸ் மேலே பால் ஆடைபோல் தடித்து நிற்கும். நடுவில் சில பளபளப்பான தகடுகள் மேலும் போகாமல் கீழும் போகாமல் தொங்கும்; அது பயோடைட், அல்லது குவாட்ஸோடு ஒட்டிக்கொண்ட இரட்டை மணிகள். ஆடைக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கனமணிகள் குவாட்ஸின் இடையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, திரும்பக் கலக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நான்கு தடவையாவது.

இந்தத் திரவத்தின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. இது பாகு. புரோமோபோமில் பழகிய கை இருபது நிமிடத்தில் குழாயைத் திறக்கும்; அதே பழக்கம் இங்கே மணலையே பொய் சொல்ல வைக்கும். கணக்கைப் பாருங்கள். 63 மைக்குரோமீற்றர் சிர்கோன் இந்தப் பாகில் 10 சென்ரிமீற்றர் இறங்க ஏறத்தாழ 10 நிமிடம் எடுக்கும். திரவத்துக்கும் சிர்கோனுக்கும் அடர்த்தி வித்தியாசம் 1.8. அதே அளவு டூர்மலினுக்கு வித்தியாசம் 0.25தான், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அபடைட் இரண்டுக்கும் இடையில், டூர்மலினின் பக்கமாக. சீக்கிரம் திறந்தால் சிர்கோனும் ரூட்டைலும் முழுதாக வரும், டூர்மலினும் அபடைட்டும் பாதியாக வரும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மூலம் தேடும் சுட்டிகள் இந்த மணிகளின் விகிதத்தில்தான் நிற்கின்றன. ஹியூபர்ட் 1962இல் தந்த சுட்டி, ஒளி ஊடுருவும் கனமணிகளில் சிர்கோன், டூர்மலின், ரூட்டைல் மூன்றும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று பார்க்கிறது. மோர்ட்டனும் ஹால்ஸ்வேர்த்தும் 1994இல் முன்வைத்தவை இன்னும் நுட்பமானவை. ஒரே மாதிரி நீரில் நடந்துகொள்ளும், மண்ணுக்குள் ஒரே அளவு தாக்குப்பிடிக்கும் இரண்டிரண்டு கனியங்களை இணைத்து ஒப்பிடுகின்றன: அபடைட்டும் டூர்மலினும், ரூட்டைலும் சிர்கோனும், மொனசைட்டும் சிர்கோனும், கார்னெட்டும் சிர்கோனும். அபடைட் எண்ணிக்கையை அபடைட், டூர்மலின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் முதற்சுட்டி வரும். புனலை அவசரப்பட்டுத் திறந்தவரின் கார்னெட்–சிர்கோன் சுட்டி அவ்வளவாகக் கெடாது. அபடைட்–டூர்மலின் கெடும், ஹியூபர்ட் சுட்டியும் கெடும். இரவில் கலக்கி மூடிவைத்துக் காலையில் திறப்பதுதான் பாதுகாப்பான வழக்கம். மையநீக்கி இருந்தால் 50 மில்லிலீற்றர் குழாயில் 20 நிமிடத்தில் அதே வேலை முடியும். மேல்பங்கையும் கீழ்ப்பங்கையும் கலக்காமல் எடுக்கக் குழாயின் அடியைத் திரவ நைதரசனில் உறையவைத்து மேலே உள்ளதை ஊற்றிவிடுவார்கள்.

கொழும்பின் வெப்பம் இந்த இடத்தில் நமக்கு உதவி. குளிர்நாட்டுக் கைந்நூல்கள் 20 பாகை செல்சியஸ் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே 29, 30 பாகையில் கரைசல் குறிப்பிடத்தக்க அளவு இளகும், மணிகள் விரைந்து இறங்கும். குளிரூட்டியை 18க்கு வைத்து வேலை செய்தால் அந்த நன்மையைக் கையால் தள்ளிவிட்டதாகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அடர்த்தியை அளக்கும் அறையும் பிரிக்கும் அறையும் ஒன்றாக இருக்கட்டும்.

பிரித்த பிறகு வருவது மீட்பு. இதைப் பாதி வேலை என்று எண்ணித் திட்டமிட வேண்டும். கனமணிகள் ஒரு வடிதாளில், இலேசானவை இன்னொன்றில். தூய கரைசல் முதலில் வடிந்து முடியட்டும், அதைத் தனியாகப் பிடியுங்கள். அதன் பிறகே கழுவும் நீர்; அதற்கு வேறு போத்தல். 100 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றுவதைவிட, சூடான காய்ச்சி வடித்த நீர் 15 மில்லிலீற்றராக நான்கைந்து தடவை ஊற்றினால் கூடக் கழுவும், வற்றவைக்க வேண்டிய நீரும் குறையும். மாதிரி ஒன்றுக்கு 3 மில்லிலீற்றர் கரைசல் மணியோடும் தாளோடும் போனால் அது 7 கிராம் தூள். 50 மாதிரியில் 350 கிராம். 2 கிலோ வாங்கியவருக்கு அது ஆறில் ஒரு பங்குக்கு மேல். கழுவாத மணிகளுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. காய்ந்ததும் டங்ஸ்டேட் கண்ணாடிப் படலமாக மணியைச் சுற்றி இறுகும், நுணுக்குக்காட்டியில் ஒளிமுறிவு பார்க்க முடியாது.

கழுவிய நீரை நுண்ணிய வடிதாளில் இருமுறை வடித்து, 60 முதல் 70 பாகையில் வற்றவையுங்கள். கொதிக்கவிடக் கூடாது. மின்விசிறியின் கீழ் வெறுமனே வைத்தால் வற்றும் என்ற நம்பிக்கை தென்மேற்குப் பருவமழைக் காலத்துக் கொழும்பில் செல்லாது. காற்றே நனைந்திருக்கும் மாதத்தில் நாட்கணக்கில் நிற்கும். கனலடுப்பு அல்லது நீர்த்தொட்டி வேண்டும். தூசி விழாமல் துளையிட்ட மூடி, முகவைச் சுவரில் படியும் பொருக்கை அடிக்கடி உள்ளே தள்ளிவிடும் பிளாஸ்டிக் கரண்டி, இரண்டும் இருந்தால் போதும். அடர்த்தி 2.85ஐத் தாண்டினால் துளி நீர் விட்டு இறக்கலாம். முழுதாக வற்றிவிட்டால் அடியில் பிடித்த கட்டியைத் திரும்பக் கரைக்கப் பொறுமை வேண்டும்.

இலிதியம் சேர்ந்த இன்னொரு டங்ஸ்டேட் திரவமும் சந்தையில் இருக்கிறது. பாகுத்தன்மை குறைவு, சூட்டையும் கூடத் தாங்கும், அறை வெப்பநிலையில் 2.85 எட்டும். ஆயத்தக் கரைசலாக வாங்கினால் அடர்த்தி சரிபார்க்கும் வேலையும் குறையும். ஒரே அடர்த்தியில் நாளும் பிரிக்கும் பெரிய கூடத்துக்கு அதை நம்பிச் சொல்லலாம். ஆனால் 2.62இல் பெல்ஸ்பாரைப் பிரிப்பது, 2.75இல் இன்னொன்று, 2.95இல் மைக்காவை ஒதுக்குவது என்று பலவிதமாக வேலை செய்யும் பல்கலைக்கழகக் கூடத்துக்குச் சோடியத் தூள்தான் பொருத்தம். வேண்டிய அடர்த்திக்கு வேண்டிய அளவு கரைத்துக்கொள்ளலாம், மிச்சத் தூள் அலுமாரியில் கெடாமல் இருக்கும்.

இந்தத் திரவம் செய்யாததையும் சொல்ல வேண்டும். இது ஒரு கோடு மட்டும் போடும். கோட்டுக்குக் கீழே விழுந்ததில் சிர்கோனைத் தனியாக எடுப்பது இதன் வேலையில்லை. இலங்கை மணலில் அது பெரிய விஷயம், ஏனென்றால் நம் கனப்பங்கில் இல்மனைட்டும் கார்னெட்டும் கொள்ளையாக இருக்கும். புல்மோட்டையின் கனிய மணல் அதற்கு உச்சமான உதாரணம். முதலில் கைக்காந்தத்தைப் பொலிதீன் உறைக்குள் போட்டு மக்னெடைட்டை எடுங்கள். உறை முக்கியம், வெறுங்காந்தத்தில் ஒட்டிய மணி திரும்பி வராது. பிறகு மின்காந்தப் பிரிப்பான்: மின்னோட்டத்தை மெல்ல ஏற்றும்போது முதலில் இல்மனைட், அடுத்து கார்னெட், அதன் பின் மொனசைட் போகும், சிர்கோனும் ரூட்டைலும் கடைசிவரை ஒட்டாமல் நிற்கும். இங்கேயும் ஒரு பொறி. யுரேனியம் கூடி உள்ளமைப்புச் சிதைந்த சிர்கோன் சற்றுக் காந்தத்தன்மை காட்டும். மிகச் சுத்தமான, காந்தம் தொடாத மணிகளை மட்டும் எடுத்தால் சில மூலப் பாறைகள் மொத்தமாக விடுபடும். வயது காண்பவர் கடைசிப் படிக்கு முன்னதாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலே சிர்கோனைச் சுத்தம் செய்ய 3.3 அடர்த்தியுள்ள டைஅயடோமீத்தேன் வேண்டும். அதற்குப் புகைக்கூண்டு இல்லாமல் வழியில்லை.

எண்ணுவதற்கு மணிகளைத் தட்டில் குவித்துக் கரண்டி நுனியால் கிள்ளி எடுக்காதீர்கள். குவியலில் சிறியதும் கனத்ததும் அடியில் ஓடிவிடும். குவியலை நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கால்களைச் சேர்க்கும் பழைய முறை இன்றும் சரி. கனடா பல்சம் எனும் தெளிந்த பிசினில் பதித்து, முனைவாக்க நுணுக்குக்காட்டியில் ஒளி ஊடுருவும் மணிகள் 200 முதல் 300 எண்ணலாம். வயதுக்கு எத்தனை சிர்கோன்? மொத்தத்தில் 5 சதவீதமாக உள்ள ஒரு மூலத்தைத் தவறவிடும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைக்க 60 மணி வேண்டும். எந்த 5 சதவீதப் பங்கும் தவறக்கூடாது என்ற கண்டிப்பான நிபந்தனைக்கு 117.

இலங்கையின் படுகைகளில் வேலை செய்பவர் வயதை மட்டும் நம்பினால் ஏமாறுவார். தப்போவ, அண்டிகம ஆகிய ஜூராசிக் படுகைகளோ, கடலுக்கடியில் மன்னார்ப் படுகையோ, எதன் மணலை எடுத்தாலும் 60 முதல் 55 கோடி ஆண்டு என்ற வயது தலைநீட்டும். அது தீவின் நடுவிலுள்ள உயர்நிலத் தொகுதி என்ற பழைய பாறைத் தொகுதி சூடேறி உருமாறிய காலம். அதே காலத்தில்தான் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் கிழக்கு அந்தாட்டிக்காவின் பகுதிகளும் உருமாறின. ஆகவே அந்த வயது மட்டும் மணல் இந்தக் கரையிலிருந்து வந்ததா, அந்தக் கரையிலிருந்து வந்ததா என்று சொல்லாது. தீவின் கிழக்கிலுள்ள விஜயன் பாறைத் தொகுதியின் சுமார் 100 முதல் 110 கோடி ஆண்டு மணிகள், உயர்நிலத்தின் குவாட்சைற்றுகளில் உள்ள 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய சிர்கோன் மையங்கள், கார்னெட்டில் மக்னீசியத்தின் அளவு, ரூட்டைலில் சிர்கோனியத்தின் அளவு காட்டும் பழைய வெப்பநிலை, இவற்றைச் சேர்த்து வைத்தால்தான் ஊர் தெரியத் தொடங்கும். அதனால்தான் எல்லா மணியையும் இழக்காமல் பிரிப்பது முக்கியமாகிறது. சிர்கோன் மட்டும் வேண்டுமென்றால் தண்ணீர்த் தட்டே போதும். இரத்தினபுரிக்காரர் கூடையில் ‘இல்லம்’ எனும் இரத்தினக்கல் சரளையை அரிப்பதுபோல் அரித்தெடுக்கலாம்.

2011இல் மன்னார்ப் படுகையின் டொராடோ, பரக்கூடா கிணறுகளில் இயற்கை வாயு தட்டுப்பட்டதிலிருந்து மன்னாரைப் பற்றிய ஆர்வம் கூடியிருக்கிறது. துளைப்புத் துகள்களில் கனமணி தேடுபவருக்கு ஓர் எச்சரிக்கை. துளைப்புச் சேற்றுக்கு எடை கூட்டச் சேர்க்கும் பரைட்டின் அடர்த்தி 4.5, அது முழுவதும் உங்கள் கனப்பங்கில் வந்து விழும். டங்ஸ்டேட்டால் அதைத் தடுக்க முடியாது. முடிந்தவரை கழுவி நுண்பங்கை ஓடவிட்டு, மீதியை எண்ணும்போது ஒதுக்க வேண்டியதுதான். ஆழத்தில் புதைந்த மணற்கல்லில் பைரொக்சீன், அம்பிபோல், எப்பிடோட், கயனைட் என்று ஒவ்வொன்றாகக் கரைந்துபோயிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அவை காணாமற்போனது புனலின் பிழையா, பூமியின் வேலையா என்று அறிய, அதே தடவையில் இன்றைய ஆற்று மணல் ஒன்றையும் புனலில் ஓடவிடுங்கள். அதில் அம்பிபோல் ஒழுங்காக வந்தால் உங்கள் கைமுறை சரி.

இந்த நிலத்தின் கனமணிகளுக்குப் பழைய பெருமை உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிய அளவையின் முதற் பணிப்பாளராக இருந்த காலத்தில், 1904இல் தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனியத்தை அடையாளம் கண்டார். தோரமல்லி என்று இங்கே வழங்கிய சொல்தான் டூர்மலின் என்று உலகமெங்கும் போனது. நிறமற்ற சிர்கோனை மாத்தறை வைரம் என்றே விற்றார்கள். இவ்வளவும் கிடக்கும் மண்ணிலிருந்து எடுத்த மாதிரியை வெளிநாட்டுக்கு வயது பார்க்க அனுப்புமுன், பிட்டகோட்டையிலுள்ள புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தில் அனுமதி பற்றி முதலே கேட்டுவிடுங்கள்.

கரைசலை வைக்கும் விதம் கடைசி. மூன்று பிளாஸ்டிக் போத்தல்கள்: புதியது, மீட்டது, கழுவிய நீர். வயது பார்க்கும் மாதிரிக்குப் புதியதும் நுண்வடி செய்ததும் மட்டும். எண்ணிக்கைக்கு மீட்டது தாராளம். வாயில் வழிந்தது காய்ந்தால் மூடி சிமெந்துபோல் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். ஒட்டுத்தாளில் அடர்த்தி, அளந்த வெப்பநிலை, கடைசியாக எந்த மாதிரிக்குப் பாவித்தது என்று எழுதுங்கள். என்றைக்காவது இருக்கக்கூடாத மணி ஒன்று நுணுக்குக்காட்டியில் தெரியும்போது, அது எந்த மாதிரியிலிருந்து ஒட்டி வந்திருக்கும் என்று தேடத் தொடங்குவது அந்த ஒட்டுத்தாளிலிருந்துதான்.